சம்மட்டியான் வீடு மாறினான்

பட்டறையில் அவருக்குச் 'சந்தேகம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பவர் பிரஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் டப்பா மூடி அடித்தவர். புது அச்சு மாட்டினால் முதல் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், விளிம்பை விரலால் தடவுவார், காதருகே கொண்டுபோய்ச் சுண்டுவார். இத்தனையும் செய்துவிட்டு "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அவர் வாயிலிருந்து "நல்லா இருக்கு" என்ற சொல் வருவதற்குள் மூன்று சூப்பர்வைசர்கள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டில் இருந்தார். மகள் பார்க்கும் வேலை அவருக்கு வேலையாகவே படவில்லை. டிவியோடு மாட்டுகிற கன்சோல் பெட்டிக்காக யாரோ எங்கேயோ செய்த சண்டை விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு ஆபீஸ், பதினோரு பேர், ஒன்றரை வருஷம்.

"டிவியில ஓடுறது கம்ப்யூட்டர்ல ஓடாதா? ரெண்டும் கண்ணாடிதானே."

"ரயிலைத் தூக்கி ரோட்டுல ஓட்டுற மாதிரிப்பா அது."

"ரோட்டுக்கு ஒரு பஸ் வாங்கிட்டுப் போங்க. எதுக்கு ரயிலைத் தூக்குறீங்க?"

மகள் சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அப்பாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இந்த உலகத்தில் இல்லை என்பது அவளுக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

ஆனால் அந்த விளையாட்டை அவர் ஆடாமல் விடவில்லை. முதலில் மாப்பிள்ளை ஆடும்போது பின்னால் நின்று திட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பொறுமைசாலி. ஒரு நாள் கண்ட்ரோலரை மாமனார் மடியில் வைத்துவிட்டு, "வாய் வலிக்கும் மாமா, கையால பேசுங்க" என்றார். அன்றைக்குப் பிடித்தது பித்து. இரண்டு மாதத்தில் காலைச் சாப்பாடு ஆறி அவலமாகிற வரைக்கும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளாகிவிட்டார்.

கதை எளிது. ஒரு போர்வீரன், ஒரு கோட்டை, ஏழு வாசல். நான்காவது வாசலில் ஒரு ராட்சதன் நிற்பான். கையில் வண்டிச்சக்கரம் அளவுக்குத் தலை வைத்த சம்மட்டி. விளையாட்டில் அவனுக்கு என்னவோ நீளமான பெயர் இருந்தது. அவர் 'சம்மட்டியான்' என்று வைத்தார், வீடு முழுக்க அந்தப் பெயரே நின்றுவிட்டது. சம்மட்டி மேலே போகும். உச்சியில் ஒரு மூச்சு நிற்கும். அப்புறம் இறங்கும். அடி விழுகிற நொடியில் கேடயத்தைத் தூக்கிவிட்டால் சம்மட்டி வழுக்கிப் போகும், அவன் தடுமாறுவான், நாம் குத்தலாம். முந்தித் தூக்கினாலும் பிந்தித் தூக்கினாலும் சப்பட்டைதான்.

மாப்பிள்ளையால் அவனை இரண்டே முறைதான் வெல்ல முடிந்தது. மாமனார் நாற்பத்தாறு முறை வென்றிருந்தார். மாப்பிள்ளை நம்பமாட்டார் என்று காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டே வைத்திருந்தார். அவருக்கு அது கஷ்டமாகவே இல்லை. மேலே போய், நின்று, இறங்கும் இரும்புக்கு முன்னால் கையை நீட்டி இழுத்துத்தான் ஒரு குடும்பத்தையே வளர்த்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மகள் ஆபீஸிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிருச்சுப்பா. திங்கட்கிழமை காலைல அந்த விளையாட்டைச் செஞ்ச அம்மாவே வராங்க, பார்த்து முடிவு சொல்ல. சரின்னாங்கன்னா அவங்களோட மத்த மூணு விளையாட்டும் எங்களுக்கு வரும். சரியில்லன்னா..."

"இல்லன்னா?"

"இதுக்கு முன்னாடி வேற ஒரு ஆபீஸ் இப்படி ஒரு விளையாட்டை மாத்திச்சுல்ல, நாடே சிரிச்சுச்சு. அவங்க ஆபீஸ்ல இப்போ ஜவுளிக்கடை இருக்கு."

மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"அப்பா, நீங்க ஒரு தடவை ஆடிப் பாருங்க. ஆபீஸ்ல பதினோரு பேரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒருத்தர்தான் முகத்துக்காகச் சொல்லமாட்டீங்க."

அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. வெளியே, "நகல் நகலாத்தான் இருக்கும், அதுல பார்க்க என்ன இருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து பக்கத்து அறைக்கு நடந்தார்.

பக்கத்து அறையில் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் இருந்தது. போன வாரம்தான் புதுத் திரை வாங்கியிருந்தார். அதற்கு இன்னும் நெகிழித் தாள் உரிக்கவில்லை.

"செகண்டுக்கு நூத்தி நாப்பத்திநாலு படம் காட்டும் மாமா. உங்க டிவி கன்சோல் முப்பதுதான் காட்டும்."

"நான் கேட்டேனா?"

"கேக்கமாட்டீங்கன்னுதான் நானே சொன்னேன்."

மகள் ஒரு கையில் கீபோர்டையும் மறுகையில் மவுஸையும் கொடுத்தாள். விளையாட்டு திறந்தது. போர்வீரன் முதல் வாசலின் மதில்மேல் நின்றுகொண்டிருந்தான். அவர் மவுஸை ஒரு விரற்கடை நகர்த்தினார். உலகம் எண்ணெய் போட்ட கீல் மாதிரி சத்தமில்லாமல் திரும்பியது.

மதிலுக்கு அந்தப் பக்கம் எப்போதும் மூடுபனிதான். இருநூறு முறையாவது அங்கே நின்று பார்த்திருப்பார். சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லாமல் ஒரு வெளி. இப்போது மூடுபனி இல்லை. கீழே ஒரு ஆறு போனது. ஆற்றில் வெயில் சில்லுச் சில்லாகக் கிடந்தது. அக்கரையில் இருபது முப்பது வீடுகள். ஒரு வீட்டுப் பின்கட்டில் கொடியில் துணி காய்ந்தது. அவர் கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு பாவாடை, இரண்டு சட்டை. காற்றுக்குச் சட்டைக் கை ஒன்று மேலே எழும்பி விழுந்தது.

சட்டைக் கை மறுபடியும் எழும்புகிற வரைக்கும் அவர் நகரவில்லை.

"மாமா, வாயை மூடுங்க, ஈ போயிரும்" என்றார் மாப்பிள்ளை.

அவர் மூடினார். பிறகு மகளைக் கேட்டார். "இதெல்லாம் நீங்க புதுசா வரைஞ்சதா?"

"இல்லப்பா. நாங்க ஒரு கோடுகூட வரையல. மொதல்லயே இருந்துச்சு. அந்தப் பெட்டிக்கு இவ்வளவு தூரம் தூக்கத் தெம்பில்ல. அதனால பனியைப் போட்டு மூடிட்டாங்க. இதுக்குத் தெம்பு இருக்கு. நாங்க பனியை மட்டும் எடுத்தோம்."

"மூடிட்டா யாருக்கும் தெரியாதே."

"தெரியாதுதான்."

"தெரியாதுன்னு தெரிஞ்சும் சட்டையைக் காயப் போட்டிருக்கான்."

அவர் நம்பாத ஆள். வியாபாரி எடை போட்டால் தராசின் அடியில் குனிந்து பார்ப்பார், டாக்டர் மாத்திரை எழுதினால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவார். ஆனால் அந்தச் சட்டைக் கை எழும்பி விழுந்ததில் குறை கண்டுபிடிக்க அவருக்கு எதுவும் அகப்படவில்லை. எவனோ ஒருவன், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருக்கிறான். அவருக்கு மயிர் கூச்செறிந்தது. அதை மறைக்க முழுக்கைச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் நிலைக்கு நிலை இதே கதை. இரும்புக் கதவில் துரு தெரிந்தது. துருவுக்குள் ஆணி தெரிந்தது. தீவட்டியின் வெளிச்சம் போர்வீரனின் முதுகுத் தோல்வாரில் வழுக்கி ஓடியது. கீபோர்டு மட்டும் படுத்தியது. நடக்க நான்கு பொத்தான், குதிக்க ஒன்று, கேடயத்துக்கு ஒன்று. இடது கை ஒரு பக்கம் போக, போர்வீரன் இன்னொரு பக்கம் போய்ப் படிக்கட்டிலிருந்து விழுந்து செத்தான். மகள் டிவி கன்சோலின் கண்ட்ரோலரையே எடுத்துவந்து கம்ப்யூட்டரில் சொருகிக் கொடுத்தாள். அது கைக்குப் பழகியது. மடமடவென்று இரண்டு வாசல் தாண்டினார், மூன்றாவதும் தாண்டினார்.

நான்காவது வாசலில் சம்மட்டியான் திரும்பினான்.

டிவியில் அவன் முகம் இருட்டாக இருக்கும். இங்கே முகம் தெரிந்தது. கிழவன். இத்தனை நாள் ஒரு கிழவனோடா சண்டை போட்டோம் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தாடியில் நரை, ஒரு கண்ணில் புரை. சம்மட்டியைத் தூக்கும்போது தோளில் நரம்பு புடைத்தது. மேலே போனது, நின்றது, இறங்கியது. அவர் கேடயத்தை அழுத்தினார். செத்தார்.

மறுபடியும் ஆடினார், மறுபடியும் செத்தார். மூன்றாவது முறை, ஐந்தாவது முறை, ஒன்பதாவது முறை. பதினோராவது முறை செத்தபோது மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல மாமா."

அது வலிக்கவில்லை, மாப்பிள்ளையின் வாய் அப்படித்தான். மகள் சொன்னதுதான் வலித்தது. "புதுத் திரைல்லப்பா. நாலு நாள் பழகினா சரியாயிடும். மத்ததெல்லாம் நல்லா இருக்குல்ல?" அதைக் கேட்கும்போது அவள் முகம், பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையை நீட்டுகிற முகமாக இருந்தது.

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். நடுங்கவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனார். டிவியைப் போட்டார். கன்சோலில் நான்காவது வாசல். சம்மட்டி மேலே போனது, நின்றது, இறங்கியது. கேடயம். வழுக்கியது. குத்தினார். முதல் தடவையிலேயே சம்மட்டியான் முழங்கால் மடங்கி விழுந்தான். காலண்டரைத் திருப்பி நாற்பத்தேழாவது கோடு போட்டுவிட்டுத் திரும்பிவந்தார்.

"அங்க இருக்கிறவன் வேற, இங்க இருக்கிறவன் வேற" என்றார்.

மகள் நிமிர்ந்தாள். "இல்லப்பா. ரெண்டும் ஒண்ணேதான். எங்க எல்லார் மேசையிலயும் இடது பக்கம் கன்சோல், வலது பக்கம் கம்ப்யூட்டர். ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தாச்சு. ஒரு முடிகூட விலகல."

"சம்மட்டி விலகல. அதை நான் சொல்லவே இல்லையே."

"அப்புறம்?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். இந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமலில்லை. மகள் ஒன்றரை வருஷம் உழைத்துக் களைத்திருந்தாள். கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதைக் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிட்டுத் தூங்குவாள். ஆனால் பட்டறையில் ஒரு முறை அவர் சொன்னதை யாரும் கேட்காமல் போனார்கள். அன்று கேட்காதவர்களைவிட, இரண்டாம் தடவை அழுத்திச் சொல்லாத தன்னைத்தான் அவர் இன்று வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க பட்டறையில ஒரு பிரஸ். இரும்பு இறங்குறதுக்கு ஒரு பெல்ட். இறங்குறதுக்கு முன்னாடி ஆளோட கையைத் தள்ளிவிட ஒரு தடுப்புக் கம்பி இருக்கும், அதுக்கு வேற பெல்ட். ரெண்டும் ஒரே மோட்டார்லதான் ஓடிச்சு. அப்புறம் புது மோட்டார் வந்துச்சு, வேகமான மோட்டார். அதைத் தடுப்புப் பக்கம் மட்டும் மாட்டிட்டான். இரும்பு பழைய கணக்குல இறங்குது. தடுப்பு முந்திக்கிட்டு வருது, முந்திக்கிட்டுப் போயிருது. பார்க்கிறவனுக்கு எல்லாம் ஓடுது. நான் சொன்னேன், இது சரியில்லன்னு. உனக்கு எப்பவும் சந்தேகம்தான்னு சிரிச்சாங்க. மூணாம் நாள் பக்கத்து மிஷின்காரனுக்கு ரெண்டு விரல் போச்சு."

மாப்பிள்ளை தன் விரல்களைத் தானே பிடித்துக்கொண்டார்.

"இங்கயும் அதான். சம்மட்டி சரியா இறங்குது. என் கேடயம்தான் தூக்கின வேகத்துல செத்துப்போகுது. கைல இருக்கு, ஆனா இல்ல. ரெண்டு பெல்ட் மாதிரி இருக்கு."

மகளின் பார்வை அப்பாவைத் தாண்டித் திரையில் போய் நின்றது. பிறகு கணவனைப் பார்த்தாள்.

"இந்தத் திரை எத்தனைன்னு சொன்னீங்க?"

"நூத்தி நாப்பத்திநாலு. வாங்கின நாள்லேர்ந்து சொல்றேன், யார் காது கொடுத்தீங்க?"

அவள் எழுந்து மவுஸைப் பிடித்தாள். ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து நூற்று நாற்பத்துநான்கை முப்பதாக இறக்கினாள். திரையில் ஆறும் வீடுகளும் லேசாக உதறிக்கொண்டு ஓடின. "இப்ப ஆடுங்கப்பா."

சம்மட்டி இறங்கியது. கேடயம். வழுக்கியது. சம்மட்டியான் தடுமாறினான்.

மறுபடி நூற்று நாற்பத்துநான்கு. செத்தார். மறுபடி முப்பது. வழுக்கியது.

மகள் தரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னது மாப்பிள்ளைக்கு விளங்குவதற்கு முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. சம்மட்டி கடிகாரத்தைப் பார்த்து இறங்குகிறது. கேடயம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, படத்தை எண்ணுகிறது. எட்டுப் படம் வரைக்கும் தாங்கும். முப்பது படம் ஓடும் பெட்டியில் எட்டுப் படம் என்றால் கால் செகண்டுக்குக் கொஞ்சம் மேலே, மனுஷக் கைக்குப் போதும். நூற்று நாற்பத்துநான்கு ஓடும் திரையில் அதே எட்டு, கண் சிமிட்டுவதற்குள் தீர்ந்துபோகும்.

"பதினோரு பேர் இருக்கீங்க, ஒருத்தருக்கும் தெரியலயா?" என்றார் மாப்பிள்ளை.

"இம்மிகூட மாறக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதனால எங்க மேசைல எல்லாத்தையும் கன்சோல் மாதிரியே முப்பதுல கட்டிப்போட்டுத்தான் ஒப்பிட்டுப் பார்த்தோம். வேகமான திரைக்குப் போன மாசம்தான் திறந்துவிட்டோம். அதைச் சோதிக்கிறதுக்குத் தானா ஆடுற ஒரு புரோகிராம் வெச்சிருக்கோம். ஆயிரம் தடவை ஆடுச்சு, ஒரு தடவைகூடச் சாகல."

"அது எப்ப அழுத்தும்?" என்று கேட்டார் அவர்.

"அடி விழுற படத்துல, மிகச் சரியா." சொல்லிவிட்டு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். "அது தப்பவே தப்பாதுப்பா. அதுக்கு எட்டும் வேண்டாம், ஒண்ணு போதும்."

"தப்பாதவனைக் கூட்டிட்டு வந்து சோதிச்சா தப்பு எப்படித் தெரியும்?"

அவள் தரையிலிருந்து எழுந்தாள். போனை எடுத்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் திறந்தார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். "தப்புப் பண்றதுக்கு ஒரு ஆள் வேணும்" என்று சொல்லித்தான் கூப்பிட்டாள், அவரும் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது மாடியில் ஒரு நீள அறை. மேசைக்கு மேசை இரண்டு திரை, குளிர் காற்று, காய்ந்த டீக் கோப்பைகள். அவர் நினைத்திருந்தது வேறு. பொத்தானைத் தட்டிவிட்டு அரட்டை அடிக்கிற கூட்டம் என்று நினைத்திருந்தார். இங்கே பிரஸ் பட்டறையில் இருந்த அமைதி இருந்தது. கை ஓடும்போது வாய் ஓடாத அமைதி. எப்போதும் காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒருவன் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அவனை எல்லோரும் 'செவிடன்' என்று கூப்பிட்டார்கள், அவனும் திரும்பினான்.

செவிடனின் திரையில் சம்மட்டியான் நின்றுகொண்டிருந்தான். தோல் இல்லை. வெறும் கம்பி கம்பியாக எலும்பு. ஒரே இடத்தில் நின்றபடி சம்மட்டியைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான்.

"இது அவனா?"

"உள்ளாடை போடாம இருக்கான் ஐயா, கூச்சப்படாதீங்க" என்றான் செவிடன். ஒரு பொத்தானைத் தட்டினான். எலும்பின்மேல் சதை ஏறியது. இன்னொன்று. தோல், தாடி, புரை விழுந்த கண். செவிடன் படத்தைச் சுழற்றினான். முகத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, முட்டை ஓடு மாதிரி வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் உள்பக்கத்திலிருந்து கண் இரண்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் நாற்காலியில் பின்னால் நகர்ந்தார். இந்த ஓட்டிடமா நாற்பத்தேழு முறை வேர்த்தோம் என்று நினைத்தார். நினைத்த பிறகும் பயம் போகவில்லை. உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் சம்மட்டி மேலே போகும்போது அவருடைய வலது கை தானாக மடியிலிருந்து எழுந்தது. இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இரும்பில் செய்த பொருள் பயமுறுத்தினால் அதில் எடை இருக்கிறது. இதில் எடையே இல்லை. எங்கோ எழுத்தும் எண்ணும் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். அதை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு இந்தப் பதினோரு பேரும் உள்ளங்கையில் தண்ணீர் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மகளின் மேசைக்குப் போனார். அவள் திரையில் எழுத்து ஓடியது, ஆறாக ஓடியது. அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அதில் ஒன்றும் இல்லை.

"எத்தனை வரி?"

"ஒம்பது லட்சம்."

"அதுல எங்க இருக்கு எட்டு?"

அவள் தொட்டுக் காட்டினாள். தனியாக நின்றது. வேறு எந்த எட்டையும் போல ஒரு எட்டு. அவள் அதை அழித்துவிட்டு, எண்ணுவதற்குப் பதில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதினாள். எழுதிய விரல் நகத்தை அடுத்த நொடியே கடித்தாள்.

"இது ஒண்ணுதானா?" என்றார்.

"நீங்க அப்படிக் கேப்பீங்கன்னுதான் எல்லாரையும் வரச் சொன்னேன்."

அன்று மாலைக்குள் படத்தை எண்ணுகிற இடங்கள் இன்னும் இருபத்திரண்டு கிடைத்தன. விஷம் குறைகிற வேகம், கயிற்றுப் பாலம் ஆடுகிற ஆட்டம், தேன்கூட்டிலிருந்து தேனீக்கள் கிளம்பும் கணக்கு. ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த அவர் ஆடினார். தப்பு செய்தார், விழுந்தார், செத்தார். ஒவ்வொரு சாவுக்கும் செவிடன் நோட்டில் ஒரு வரி எழுதினான். ஏன் செத்தார், யார் தப்பு. பெரும்பாலும் 'ஐயா தப்பு' என்றே எழுதினான். அதில் அவருக்கு வருத்தமில்லை. ஆபீஸில் யாரோ ஒருத்தி, "சார் எவ்வளவு அழகா சாகிறார்" என்று சொன்னதும் காதில் விழுந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மாள் வந்தார். சம்மட்டியானைச் செய்தவர் என்றால் ஆள் வாட்டசாட்டமாக இருப்பார் என்று, மகளோடு வந்திருந்த அவர் எதிர்பார்த்தார். வந்தவர் குட்டையான, சளி பிடித்த ஒரு பெண்மணி. கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் சொந்தக் கண்ட்ரோலர். யாரோடும் அதிகம் பேசவில்லை. உட்கார்ந்தார், மூக்கைச் சிந்தினார், ஆட ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரம் அறையில் விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. மகள் சுவரோரம் நின்றாள். அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதை அவர் பார்த்தார். பிரசவ அறை வாசலில் தான் அப்படி நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் முதல் வாசல் கடந்தார், இரண்டு, மூன்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாசலில் சம்மட்டியான் திரும்பினான். அடி விழுந்தது, கேடயம் தாங்கியது. இன்னொரு அடி. தாங்கியது. அந்த அம்மாள் கண்ட்ரோலரை மேசையில் வைத்தார்.

"கேடயத்தைத் தொட்டிருக்கீங்க."

மகள் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். "ஆமாம்மா. எட்டுப் படம்னு இருந்துச்சு. நேரமா மாத்தினோம். வேகமான திரையில மனுஷக் கைக்குப் பத்தல."

"எட்டு நான் போட்டது" என்றார் அந்த அம்மாள். "ஒரு வாரம் ஏழா எட்டான்னு சண்டை போட்டோம். இவன் அந்தப் பெட்டியை விட்டு வெளிய வருவான்னு அப்ப யார் நெனச்சா." தும்மினார். "யார் கண்டுபிடிச்சது?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"வாங்க, நீங்க ஆடுங்க. நான் பார்க்கணும். ஆடும்போது என்னால இவனைப் பார்க்க முடியாது."

அந்த அம்மாள் பக்கத்து நாற்காலிக்கு மாற, அவர் போய் உட்கார்ந்தார். கண்ட்ரோலர் சூடாக இருந்தது. சம்மட்டியான் கிளம்பினான். முதல் அடியைத் தடுத்தார், இரண்டாவதைத் தடுத்தார். மூன்றாவதாகச் சம்மட்டி உச்சிக்குப் போனது. நின்றது. டிவியில் அதற்கப்புறம் ஒரு கறுப்புக் கீற்றுதான் தெரியும், அடி விழுந்திருக்கும். இங்கே சம்மட்டி இறங்குவது முழுசாகத் தெரிந்தது. முதலில் தோள் திரும்பியது. பிறகு முழங்கை. மணிக்கட்டு கடைசி நேரத்தில் ஒரு சின்னச் சுழிப்புச் சுழித்தது, எடையைத் தன் பக்கம் இழுத்து விடுகிற சுழிப்பு. வேலை தெரிந்த கை மட்டும் செய்கிற காரியம் அது. கிழவன் வாயை இறுக்கினான். சம்மட்டித் தலையின் விளிம்பில் காற்று கிழிந்து தூசி இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எந்தப் படமும் எந்தப் படத்தையும் மறைக்கவில்லை.

அவர் கேடயத்தை அழுத்தவில்லை. அழுத்த வேண்டும் என்பதே அவர் நினைப்பில் இல்லை. அடி விழுந்து போர்வீரன் மண்ணோடு மண்ணானான்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். செவிடன் பழக்கதோஷத்தில் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தான்.

"எழுதாதே" என்றார் அவர். "கேடயம் இருந்துச்சு. நான்தான் தூக்கல. பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கம்பளித் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மணிக்கட்டுக்கு எனக்கு நாலு மாசம் ஆச்சு" என்றார் மெதுவாக. "எங்க பெட்டியில அது ரெண்டே படம். வந்த வேகத்துல போயிரும். நானே ஒழுங்காப் பார்த்ததில்ல." பிறகு மகளிடம் திரும்பி, எழுந்திருக்காமலே சொன்னார். "மத்த மூணையும் அனுப்பச் சொல்றேன். அதுலயும் நான் எதையெதையோ எண்ணி வெச்சிருப்பேன், தேடிக்குங்க."

மகள் தலையை ஆட்டினாள். பிறகு அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நகர்றீங்களா, இல்ல இன்னொரு தடவை அவனை அடிக்கச் சொல்லலாமா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"நகர்றதாவது" என்றார் சந்தேகம். "அந்த நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்குங்கம்மா. நல்லா இருக்கு."